அது விளக்கு இல்ல சார், மாதுளை!

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை கொச்சி மட்டாஞ்சேரி யூதர் ஜெபாலயம் பத்தி வந்த கட்டுரை சூப்பர், ஆனா போட்டோவுக்கு கீழ வெள்ளி விளக்குன்னு போட்டிருந்தீங்களே, அது விளக்கு இல்ல சார், யூதர்களோட வேதமான தோரா சுருளுக்கு மேல ஜோடியா சொருகுற ரிம்மோனிம், எபிரேயத்துல மாதுளைன்னு அர்த்தம், சுத்தி குட்டி குட்டியா மணி தொங்கும், சுருளைத் தூக்கிட்டு வரும்போது சலங்கை மாதிரி சிணுங்கும். பக்கத்துல குச்சி மாதிரி இருந்தது யாத், நுனியில சுட்டுவிரல் நீட்டின ஒரு கை, தோல்ல எழுதின எழுத்தை வெறும் விரலால தொடக்கூடாதுல்ல, அதான் இதை வச்சு வரி வரியா காட்டி படிப்பாங்க. 1805ல திருவாங்கூர் மகாராஜா அங்க குடுத்த தங்க கிரீடத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, அதான் கொஞ்சம் வருத்தம்.

- ஒரு வாசகர், கோவை