ஓல்கா பான்சிக்கையும் பாந்தியோனுக்குள் அழையுங்கள்

மாண்புமிகு பிரெஞ்சு ஜனாதிபதி அவர்களுக்கு,

வணக்கம். 2024 பெப்ரவரி 21 அன்று, நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய ஆர்மேனியக் குடியேறி மிசாக் மனுஷியானையும் அவர் துணைவி மெலினேயையும், நாட்டின் பெரியோரைப் போற்றும் பாரிஸ் நினைவாலயமான பாந்தியோனுக்குள் கொண்டு சென்றீர்கள். நன்றி. அவரோடு மரண தண்டனை பெற்ற 22 பேருக்கும் அங்கே கிடைத்தது பெயர் பொறித்த பலகை மட்டுமே. அது போதாது. அந்த 22 பேரையும் உள்ளே அழையுங்கள்.

மனுஷியான் தலைமையில் பாரிஸில் நாஜிகளோடு போரிட்ட எப்.டி.பி.-மோய் என்ற ஆயுதக் குழு தனி ஒருவரின் படை அல்ல. கம்யூனிஸ்ட் கட்சி திரட்டிய குடியேறிகள் அவர்கள்: போலந்து, ஹங்கேரி யூதர்கள், இத்தாலியர், ஆர்மேனியர், ஸ்பானியர். ஒருவர் சுடுவதற்கு இன்னொருவர் துப்பாக்கியைச் சுமந்து வரவேண்டும். பாரிஸ் தெருக்களில் அப்படி ஆயுதமும் வெடிபொருளும் சுமந்தவர்களில் ஒருவர்தான் ருமேனிய யூதப் பெண் ஓல்கா பான்சிக்.

1943 நவம்பரில் அவரைப் பிடித்தது பிரெஞ்சுப் பொலிஸ். சித்திரவதைக்குப் பிறகு ஜெர்மானியரிடம் ஒப்படைத்ததும் அதே பொலிஸ்தான். மனுஷியான் உட்பட ஆண் தோழர்கள் 22 பேரும் பாரிஸுக்கு அருகே உள்ள மோன்-வலேரியன் கோட்டையில் சுடப்பட்டார்கள். ஓல்காவை மட்டும் பிரித்து ஜெர்மனிக்குக் கொண்டு போனார்கள். வழியில், மகள் டொலோரெஸுக்கு எழுதிய கடிதத்தை, யாராவது எடுத்துச் சேர்ப்பார்கள் என்று நம்பி, ஜன்னல் வழியே வெளியே எறிந்தார். மறுநாள், 1944 மே 10, ஸ்டுட்கார்ட்டில் அவர் தலை வெட்டப்பட்டது. அன்று அவருக்கு 32 வயது நிறைந்த பிறந்தநாள். குழந்தையைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட விடாமல் கொல்லப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பலகையில் ஒரு வரி போதுமென்று யார் முடிவு செய்தார்கள்?

உடல் இல்லை என்று சொல்லாதீர்கள். 2021இல் பாடகி ஜோசபின் பேக்கரைப் பாந்தியோனுக்குக் கொண்டு சென்றபோது அவர் பேழையில் மண்ணைத்தானே வைத்துச் சுமந்தீர்கள்? அவர் உடல் இன்றும் மொனாக்கோவில்தான் இருக்கிறது. ஓல்காவுக்கும் மண் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனுஷியான் இரண்டு முறை பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டார், கிடைக்கவில்லை. அவரைக் கௌரவித்த விழாவுக்கு ஒரு மாதம்கூட முன்னால் இல்லை, குடியேற்றச் சட்டத்தை மேலும் இறுக்கிக் கையொப்பமிட்டீர்கள். வதிவிட அனுமதிக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்கும் எங்களுக்கு அந்த விழாவின் உரைகளைக் கேட்கக் கசப்பாக இருந்தது. இறந்த குடியேறியை வணங்கும் அரசு, உயிரோடிருப்பவரையும் மனிதராக நடத்தட்டும்.

இந்த மடலின் வேண்டுகோள் ஒன்றே. 22 பேரையும் பாந்தியோனுக்குள் அழையுங்கள், ஓல்காவிலிருந்து தொடங்குங்கள். வரும் மே 10ஆம் தேதிக்கு முன் உங்கள் அறிவிப்பு வரவேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாரிஸில் வாழும் குடியேறி ஒருவர்