சங்கப் படகுத் திருப்பணி: நிறைவு அறிக்கையும் வரவு செலவும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காற்றடைத்து ஓட்டும் நம் வெள்ளப் படகைப் பழுதுபார்க்கும் வேலை முடிந்தது. நிழலில் ஊதி வைத்து 48 மணி நேரம் பார்த்தோம், காற்று ஏறக்குறைய முழுவதும் நின்றது. ஆனால் போன கூட்டத்தில் கேட்கப்பட்டது இதுவல்ல. 6,000 ரூபாய் மதிப்பீடு எப்படி 14,860 ஆயிற்று, படகுக்கு ஏசி எதற்கு, கும்பாபிஷேகம் எப்போது என்றுதான் கேட்டீர்கள். கும்பாபிஷேகம் இல்லை. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிப் பேசியது. முடிச்சூர்ப் பக்கம் நம் தெருக்களுக்குள் வந்ததோ ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரிநீர். அடுத்த வருடம் வசூல் செய்து வாங்கியதுதான் இந்தப் படகு. 2021 நவம்பரிலும் ஓடியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், தண்ணீருக்குள் மறைந்திருந்த ஒரு கேட்டின் ஈட்டிக்கம்பி பக்கக் குழாயை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தது. பிறகு ஷெட்டில் எலி தன் பங்குக்கு ஆறு ஓட்டை போட்டது.

இனி பட்டறை விவகாரம். ஏப்ரலில் படகை ஒரு டயர் பட்டறையில் கொடுத்தோம். 3,500 பேசி 2,000 முன்பணம். பஞ்சர் சொலுஷன் தடவி ஏழு ஒட்டு போட்டுத் தந்தார். அன்றிரவு காற்று நின்றது, எல்லோரும் கைதட்டினோம். கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் மூன்று நாள் கிடந்ததும் ஒட்டுகளின் ஓரம் சுட்ட அப்பளம்போலச் சுருண்டுவிட்டது. போய்க் கேட்டால், "ரப்பர் படகுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார்.

நாம்தான் சொன்னோம். எட்டு வருடமாக அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் அது ரப்பரே இல்லை, பிவிசி. பிவிசியை வளைய வைக்கும் எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து மேலே வரும். அது பஞ்சர் சொலுஷனை இளக்கிவிடும். சைக்கிள் டியூபில் பாறையாய் நிற்கும் ஒட்டு இதில் நிற்காததற்கு அதுதான் காரணம். மறைவான மூலையில் எம்.இ.கே. கரைப்பானைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பிவிசி பிசுபிசுக்கும். ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் துணி அப்படிப் பிசுபிசுக்காது. இந்த ஐந்து நிமிடச் சோதனையை ஏப்ரலில் செய்யாதது செயற்குழுவின் தவறு, பட்டறைக்காரருடையது அல்ல. முன்பணத்தைத் திருப்பிக் கேட்காததற்கும் அதுவே காரணம். மீதி 1,500 கொடுக்கவில்லை. அவருக்கு வருத்தம்தான், இப்போது என் ஸ்கூட்டருக்குக் காற்றடிப்பதில்லை.

ஜூலையில் சங்கக் கூடத்திலேயே மறுபடி ஒட்டினோம். ஒட்டியதைவிடப் பழைய சொலுஷனைச் சுரண்டி எடுத்த வேலைதான் பெரிது. அதிலும் வால்வைச் சுற்றி யாரோ நல்லெண்ணத்தில் பாத்ரூம் சிலிக்கான் பூசியிருந்தார்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு வேறு பசை லேசில் பிடிக்காது. யார் என்று எழுதப்போவதில்லை, அவருக்கே தெரியும்.

அடுத்து ஏசி. பிவிசிக்கு வேண்டியது பாலியூரித்தேன் பசை. கடினமாக்கி என்று தனிக் குப்பியில் வருவதை அளந்து கலந்து, சில மணி நேரத்துக்குள் தடவி முடிக்க வேண்டும். பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால், மண்பானைக்கு வியர்ப்பதுபோலப் பசைமேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் படியும். பார்வைக்கு ஒட்டியதாக இருக்கும், கையால் இழுத்தால் உரிந்து வரும். 60 விழுக்காட்டுக்குமேல் ஈரப்பதம் கூடாது என்று டின்னிலேயே இருந்தது. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருப்பவரிடம் இரவல் வாங்கிய ஈரமானி, ஜூலைக் காலையில் சங்க வாசலில் 78 காட்டியது. கூடத்தில் வாடகை ஏசி ஓடிய பிறகு 52. இதற்குமேல் என்ன விளக்கம் சொல்ல?

கரைப்பான் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் வேலை நடந்த மூன்று நாளும் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றவில்லை. புகார் வந்தது, பிள்ளையாரிடமிருந்து அல்ல.

கிழிசலைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. பெரிதாக, மூலை வளைத்து வெட்டிய துணி; துணி, படகு இரண்டிலும் மெல்லிய இரண்டு பூச்சு; நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளை. பிறகு மூன்று நாள் யாரையும் தொடவிடவில்லை. துடுப்பு, கயிறு, பம்ப் வாஷர் எல்லாம் கையிருப்பிலிருந்தே மாற்றியாயிற்று.

செலவு: பட்டறை 2,000, பசை 3,200, பிவிசி துணி 1,800, கரைப்பான், தூரிகை, உருளை, முகக்கவசம், கையுறை 1,460, ஏசி வாடகை 3,000, தார்ப்பாய் தைக்கும் தொழிலாளிக்கு மூன்று நாள் கூலி 3,000, டீ 400.

வரவு: துபாய் மகன் பெயரில் முனைவீட்டு அம்மா 3,000, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை 2,000, மளிகைக்கடை அண்ணாச்சி 1,500, பெயர் வேண்டாம் என்றவர் 1,500, மருந்துக்கடை 1,000, பால் பூத் 500, ஆட்டோ ஸ்டாண்ட் நண்பர்கள் 560, 4வது தெருவில் 11 வீடுகள் தலா 200, இஸ்திரி வண்டிக்காரர் 100 (மிக்ஜாமில் அவருடைய பெட்டியும் இந்தப் படகில்தான் கரையேறியது). ஆக 12,360. மீதி 2,500 பொதுநிதியிலிருந்து. 2வது தெருவின் வரவு இந்தப் பட்டியலில் இல்லை. கேள்விகள் அதிகம் வந்தது அங்கிருந்துதான்.

வால்வருகே சோப்புத் தண்ணீர் இன்னும் லேசாகக் குமிழ்விடுகிறது. மழைக்காலத்தில் தினம் காலை பத்து முறை காலால் பம்ப் அடித்தால் போதும். டயர் கடைக் கம்ப்ரசரால் ஊதவே கூடாது, ஊதியதை வெயிலில் போடவும் கூடாது. சாவி பொருளாளர் வீட்டில். ஏசி வாடகை ரசீதைப் பார்க்க வேண்டியவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்குமேல் வரலாம். எலிப்பொறி ஒன்று கொண்டுவந்தால் நல்லது.

செயற்குழுவுக்காக,
செயலாளர்