மாநகர சபைக்கு: கடலைப் பார்க்க ஒரு கமரா

மதிப்புக்குரிய கொழும்பு மாநகர சபையினருக்கு,

வெள்ளவத்தைக் கரையில் கடலைப் பார்த்தபடி ஒரு கமரா வையுங்கள். கள்ளரைப் பிடிக்க அல்ல, வாகன நெரிசலைக் கவனிக்கவும் அல்ல. நிமிடத்துக்கு ஒரு படம் இணையத்தில் ஏறினால் போதும். சத்தம் வேண்டாம்.

வேலையற்றவன் கேட்கிறான் என்று தள்ளிவிடாதீர்கள். வெப்கமராவே இப்படியொரு சில்லறைத் தேவைக்குத்தான் பிறந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் கோப்பிக்காக மாடிப்படி ஏறி இறங்கிப் போனால் பாத்திரம் வெறுமையாக இருக்கும். அந்த எரிச்சலில் 1991இல் அதன் முன்னே ஒரு கமராவை நிறுத்தினார்கள். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. 1993இல் அது இணையத்துக்கு வந்ததும் எங்கெங்கோ இருந்தவர்களெல்லாம் அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்கள். 2001 ஓகஸ்டில் கமராவை நிறுத்தியபின் பாத்திரம் 3,350 பவுணுக்கு ஏலம் போனது. அதுவும் பழுதான பாத்திரம்!

எனக்கு வெப்கமரா என்றால் காலி வீதி நெட் கஃபேதான். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க அம்மா கோயிலுக்குப் போவதுபோல் சேலை உடுத்து வருவார். குரல் வரும், படம் நின்றுவிடும். பாதிக் கண் மூடி உறைந்துபோன பெரியம்மாவிடம் அம்மா ஊர்க்கதை முழுவதும் சொல்லி முடிப்பார். காசு ஏறுகிறதே என்று எனக்குப் பதைக்கும். ஒருநாள் பெரியம்மா கமராவை யன்னல் பக்கம் திருப்பிப் பனியைக் காட்டினார். அப்புறம், “நீ கடலைக் காட்டு பாப்பம்” என்றார். கடல் கூப்பிடு தூரத்தில். கமரா வயரோ மேசையைத் தாண்டாது.

இப்போதுதான் கையில் ஃபோன் இருக்கிறதே என்பீர்கள். சரி. ஆனால் லைவ் போட்டவுடன் ஒரு தலை முன்னால் வந்து பேசத் தொடங்கிவிடுகிறது. கடல் அதன் தோளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது.

சான் பிரான்சிஸ்கோவில் 1994இல் மாணவர்கள் வைத்த மூடுபனிக் கமராவை 2019இல் மூடப் போனபோது, அவர்களின் பல்கலைக்கழகமே பொறுப்பெடுத்துக் காப்பாற்றியது. உங்களாலும் முடியும்.

படம் பழையபடி சிறிதாக, மங்கலாகவே இருக்கட்டும். முகம் தெரியக் கூடாது. குடைக்குள் இருக்கும் சோடிகளை ஏன் வம்பில் மாட்டுவான்? இங்கே சூரியன் கடலில் இறங்கும் நேரம் ரொறன்ரோவில் காலை. பெரியம்மா தேத்தண்ணியோடு இருப்பார். கமராவைக் கொஞ்சம் உயரத்தில் பூட்டுங்கள், ரயில் மறைக்கும்.