மறதி நோய் ஆய்வு: எல்லைத் தமிழருக்குத் தமிழ்த் தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ் பேசும் முதியவர்கள் நிறைய. டிமென்ஷியா எனும் மறதி நோய் ஆய்வுக்கு ஆள் தேடும்போது இவர்கள் விடுபட்டுப்போக முதல் காரணம், நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்வித்தாள்.

நினைவு, கவனம், மொழித்திறனைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் எம்.எம்.எஸ்.இ. தாளுக்கு மொத்தம் 30 மதிப்பெண். 24-க்குக் கீழே வந்தால் சந்தேகப்படுவது வழக்கம். அதில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க 5, வாசித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கு இந்த எட்டும் போனால், மற்றதெல்லாம் சரியாகச் சொன்னாலும் 22தான். அல்சைமர் எனும் மறதி நோய்க்கான லெக்கானெமாப் மருந்தின் பெரிய சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் 22 முதல் 30 வரை பெற்ற ஆரம்பநிலை நோயாளிகள். ஆக, நினைவு தெளிவாக உள்ள பாட்டி நோயாளியாகத் தெரிவார். நிஜமாகவே நோய் தொடங்கிய பாட்டி 22-க்கும் கீழே இறங்கி வாசலிலேயே நின்றுவிடுவார். கேள்வியும் மலையாளத்தில் என்றால் இன்னும் சில மதிப்பெண் வீணாகும்.

அதனால்தான் வீட்டாரையும் விசாரிக்கச் சொல்கிறோம். வீட்டாரிடம் கேட்கும் ஐக்யூகோட் என்ற கேள்விப் பட்டியலின் சுருக்க வடிவத்தில் 16 கேள்விகள். பத்து வருடத்துக்கு முன் இருந்த நிலையோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். படிப்பு இதில் அவ்வளவாகக் குறுக்கே வராது. ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம். கோவையிலிருந்து ஞாயிறுதோறும் வந்துபோகும் மகன், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்பார். ரேஷன் கடையில் மீதிக் காசு எண்ணத் தடுமாறுவதும், பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்வதும் கூடவே இருக்கும் மருமகளுக்குத்தான் தெரியும்.

பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) பட்டியலை வாங்கித் தேடுவது சுலபம். அதில் இருப்பவர்களோ பெரும்பாலும் படுக்கையோடு இருப்பவர்கள். ஆரம்பநிலை ஆய்வுக்கு அது காலம் கடந்த நிலை. பலர் வைத்தியத்துக்குக் கோவை போவதால் அவர்களின் மருத்துவச் சீட்டும் எல்லைக்கு அந்தப்பக்கம்.

தாளை எடுப்பதற்கு முன் காது கேட்கிறதா, கண்ணாடி சரியா என்று பாருங்கள். வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் மனச்சோர்வு விசாரிப்பும் அவசியம். இந்தக் குறைபாடுகளாலும் மனச்சோர்வாலும் வரும் மறதிக்கு மருந்து இருக்கிறது. அவரை அனுப்ப வேண்டிய இடம் சிகிச்சை, ஆய்வு அல்ல.

ஆய்வு நடத்துவோர் தமிழ்த் தாளும், தமிழ் பேசும் பணியாளரும், படித்த ஆண்டுகளுக்கேற்ற மதிப்பெண் வரம்பும் வைக்க வேண்டும். ஒப்புதல் படிவமும் தமிழில் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகளின்படி, தாமே ஒப்புதல் தர இயலாதவருக்குச் சட்டப்படியான பிரதிநிதி கையெழுத்திட வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால், விளக்கிச் சொல்லும் நேரம் முழுக்க நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். அந்தச் சாட்சிக்கும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முதியோர் நலப் பணியாளர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.