அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே

கம்பம்,
ஞாயிறு இரவு

பாப்பா,

ஹீமோகுளோபின் 9.8-தான், சோகை என்றதும், நீயாகவே மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி காலையும் ராத்திரியும் போடுகிறாய். வயிறு கட்டிக்கொண்டது, மலம் கறுப்பாகப் போகிறது என்கிறாய். மாத்திரை போட்டால் கறுப்பாகத்தான் போகும், அதற்குப் பயப்படாதே. லேபில் இருபத்தாறு வருஷம் ரத்தம் பார்த்தவளின் மகள், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற ஃபெரிட்டின் பார்க்காமல் மாத்திரையைத் தொடலாமா? எனக்குக் கோபம் அதில்தான்.

உடம்பில் மொத்தமே 3, 4 கிராம் இரும்பு. தோலும் குடலும் உதிர்வதில் ஒரு நாளைக்கு 1, 2 மில்லிகிராம் போகும். மாதவிலக்கில் இன்னும் கொஞ்சம். மிஞ்சின உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். மிஞ்சின இரும்பைத் தள்ள அப்படி ஒரு வழியும் இல்லை. அதனால் காவல் எல்லாம் நுழைகிற இடத்தில்தான், நம்ம குமுளி செக்போஸ்ட் மாதிரி. கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒன்றைச் சுரக்கும். குடலிலிருந்து இரும்பை ரத்தத்துக்கு விடுகிற கதவு ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் போய் அதையே அழித்துவிடும். இருப்பு நிறைந்தால் கேட் இறங்கும், காய்ச்சல் வந்தாலும் இறங்கும். ஒரு மாத்திரை போட்டாலே ஹெப்சிடின் ஏறி, அடங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். உன் ராத்திரி மாத்திரை மூடின கேட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் அதிகம் சேர்கிறது என்று 2017-ல் சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களிடம் சோதித்து எழுதியிருக்கிறார்கள்.

டீயையும் தள்ளி வை. ஏலத்தோட்டத்துக்கு விடிகாலை ஜீப் ஏறுகிற அக்காமார் கட்டன் சாயாவோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, "ரத்தமே ஊற மாட்டேங்குதும்மா" என்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உன் அத்தை விஷயத்துக்காக. அவளுக்கும் இதே சோகை. ஓரிடத்தில் இரண்டு வருஷம் டானிக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள், கால் கிராம்கூட ஏறவில்லை. கடைசியில் ஃபெரிட்டின் பார்த்தால் இருப்பு தாராளமாக இருக்கிறது. சிவப்பணு மட்டும் கடுகுபோல் சின்னது. ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஹெச்பி ஏ2 5 சதவீதத்துக்கு மேல், இருக்க வேண்டியதைவிட அதிகம். தலசீமியா மைனர், அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறையின் லேசான வகை. இரும்பு குறைந்தாலும் அணு சிறுக்கும், இதிலும் சிறுக்கும். ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் உடம்புக்குக் கெடுதல் பெரிதாக இல்லை, தெரியாமல் இருந்ததுதான் தப்பு. கட்டிக்கொள்கிறவனுக்கும் அது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, பிள்ளை மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியதாகப் பிறக்கலாம். ஒரு பாட்டில் ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. வெளியே போக வழியில்லாமல் அது இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை இறக்க வேறு மாத்திரை, ஆயுசுக்கும்.

ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், ஹெச்பி ஏ2 மூன்றும் எடுக்கச் சொல். போன வாரக் காய்ச்சல் நன்றாக அடங்கட்டும், இல்லாவிட்டால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். இரும்பு ரொம்பக் குறைந்திருந்தால் ஏ2-வும் இறங்கி நம்மை ஏமாற்றும். அப்போது இரும்பை நிரப்பிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கும் ரத்தம் எடுக்கப் போகிறேன். அத்தை கூடப் பிறந்தவர் அல்லவா, அவருக்கு இல்லையென்றால் உனக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர வழியே இல்லை. வெள்ளிக்கிழமை சுகர் பார்க்கத்தான் என்று சொல்லிக் கூட்டிப்போகிறேன். ஊசியென்றால் வீட்டைவிட்டே ஓடுகிற மனுஷன். நீ போனில் உளறிவிடாதே.

அம்மா