கெப் தூக்கிக் குடுக்கிற கராஜ்காரருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில டபிள் கெப்ப (பின்னுக்கு பாரம் ஏத்திற தட்டு உள்ள பிக்கப்) தூக்கி, அதாவது சஸ்பென்ஷன உயர்த்தி, பெரிய டயர் போட்டுக் குடுக்கிற கராஜ் முதலாளிமாருக்கும், வாகனத்துக்குக் கீழ படுத்துக் கிடந்து அந்த வேலையச் செய்யிற பாஸ்மாருக்கும், டயர் கடைக்கார அண்ணாமாருக்கும்,

வணக்கம். கெப்பத் தூக்காதீங்கோ எண்டு சொல்ல நான் இத எழுதேல்ல, அத முதல்லயே சொல்லிடுறன். உயர்ந்து நிக்கிற டொயோட்டா ஹைலக்ஸ் கெப் ஒண்டு ரோட்டில போனா எனக்கும் கண் அங்க தான் போகும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியில தான் தனியாருக்குத் திரும்பத் திறந்து விட்டவை, அந்தக் காலம் முழுக்க புதுக் கெப் எடுக்க ஏலாத சனம் கையில இருக்கிறதத் தானே திருத்தித் திருத்தி ஆசையா வச்சிருந்தது. அதோட 2016 மே மாசம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எல்லாம் தண்ணிக்க நிண்டதப் பார்த்த ஆக்களுக்கு கொஞ்சம் உயரமான வாகனம் வேணும் எண்டு தோணுறது ஞாயம் தான்.

நான் கேக்கிறது ஒண்டு தான். தூக்கினதுக்குப் பிறகு செய்ய வேண்டிய மிச்ச வேலையையும் முடிச்சு, என்னென்ன செய்தது எண்டு பில்லில எழுதி, அதுக்குப் பிறகு திறப்பக் குடுங்கோ.

மிச்ச வேலை எண்டா முதலாவது பின் பிரேக். நிறைய கெப்பில, விசேஷமா கொஞ்சம் பழைய மொடலுகளில, பின்னுக்கு சேசியில, அதாவது அடிச்சட்டத்தில, ஒரு வால்வ் இருக்கும், அதில இருந்து ஒரு கம்பி ரெண்டு பின் சில்லையும் சேர்க்கிற அக்சலுக்குப் போகும், லோட் சென்சிங் வால்வ் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. தட்டில பாரம் ஏத்தினா பொடி இறங்கும், கம்பி அசையும், பின் பிரேக்குக்குக் கூடப் பிரஷர் போகும், வெறுந்தட்டா இருந்தா குறைச்சு விடும், ஏனெண்டா வெறுங் கெப்பில பின் சில்லு லொக் ஆகி வாகனம் சுத்திடும். இப்ப நீங்கள் பின்னுக்கு 2 இஞ்ச் தூக்கிப் போட்டு அந்தக் கம்பிய அப்பிடியே விட்டா, பொடி அக்சல விட்டு விலகிப் போச்சு, வால்வ் என்ன நினைக்கும், தட்டில ஒண்டுமே இல்ல எண்டு நினைக்கும். பிறகு அந்த மனுசன் தம்புள்ளையில வெங்காயம் ஏத்திக்கொண்டு குருநாகல் ரோட்டால இறங்கி வரேக்கயும் வால்வ் பாரத்தக் குறைச்சுத் தான் கணக்கெடுக்கும், நிப்பாட்டிற வேலை முழுக்க முன் சில்லுல தான் விழும்.

என்ர தம்பியின்ர கெப்புக்கு இது தான் நடந்தது. தூக்கிக்கொண்டு வந்து ரெண்டு கிழமையில, மழைக்க பம்பலப்பிட்டிச் சந்தியில பிரேக் அடிக்க மூக்கு கீழ குத்தி, முன்னுக்கு நிண்ட த்ரீவீலுக்கு மயிரிழை இடைவெளியில போய் நிண்டது. செய்து குடுத்த கராஜில போய்க் கேட்டா, பெரிய டயர் தானே அப்பிடித் தான் இருக்கும் எண்டு சொல்லி அனுப்பிட்டினம். பிறகு வேற ஒரு வயசான பாஸ் கீழ பூந்து பார்த்து, ஒரு சின்ன பிரக்கட் அடிச்சு வால்வின்ர கம்பிய சரியான உயரத்துக்குக் கொண்டு வந்து தந்தார். சின்ன ஒரு இரும்புத் துண்டு, அரை நாள் வேலை கூட இல்ல! இதச் செய்யாம எப்பிடி மனசு வந்து ஒரு குடும்பஸ்தன் கையில திறப்பக் குடுக்கிறது எண்டு எனக்கு இன்னும் கோபம் ஆறேல்ல.

அடுத்தது ஹெட்லைட். நிறையப் பேர் முன்பக்கத்த மட்டும் தூக்கி பின்பக்கத்தோட லெவல் பண்ணக் கேக்கினம். ஹைலக்ஸின்ர முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 3085 மில்லிமீட்டர், முன்னுக்கு மட்டும் 50 மில்லிமீட்டர் தூக்கினா 10 மீட்டர் தூரத்தில வெளிச்சம் 16 சென்டிமீட்டர் மேல ஏறிடும், லைட்டின்ர உயரம் கூடினது அதுக்கு மேல வேற. டிம் லைட்ட கீழ பார்க்க வச்சிருக்கிற அளவே கிட்டத்தட்ட அவ்வளவு தான், அப்ப டிம் போட்டாலும் எதிர்ல வாறவனுக்கு அது ஹை பீம் மாதிரித் தான். காலி வீதியில இரவில மோட்டர்சைக்கிள் ஓடுறவையிட்ட கேட்டுப் பாருங்கோ. சுவருக்கு முன்னால நிப்பாட்டி ஸ்குரூடிரைவரால திருப்பிற வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

ஸ்பேசர் விசயமும் இருக்கு. முன்னுக்கு ஷொக்குக்கு (குலுக்கல அடக்கிற சாமான்) மேல உயரத்துக்காக வைக்கிற ஸ்பேசர் 1 இஞ்ச் எண்டா சில்லுப் பக்கம் கிட்டத்தட்ட 2 இஞ்ச் தூக்கும், சில்லத் தாங்கிற கீழ் ஆர்மின்ர நடுவுக்குக் கிட்ட ஷொக்கப் பிடிச்சிருக்கிறதால. இது தெரியாம வாறவன் 2 இஞ்ச் ஸ்பேசர் தாங்கோ எண்டு தான் கேப்பான், அவனுக்கு நீங்கள் தான் சொல்லோணும். அளவுக்கு மிஞ்சித் தூக்கினா முன் சில்லச் சுத்த வைக்கிற தண்டில இருக்கிற சீவி ஜொயின்ட் சரிஞ்ச கோணத்திலயே சுத்தி, ரப்பர் பூட் கிழிஞ்சு, கிரீஸ் போய், திருப்பேக்க டக்டக் எண்டு சத்தம் தொடங்கும். பின்னுக்கு உயர்த்திறதுக்கு ஸ்பிரிங்குக்கும் அக்சலுக்கும் இடையில புளொக் மேல புளொக் அடுக்கிறத தயவு செய்து விடுங்கோ. ஸ்பிரிங்க அக்சலோட இறுக்கிப் பிடிக்கிற பழைய யூ போல்ட்ட திரும்பப் போடாதீங்கோ, புதுசு போட்டாலும் கொஞ்சத் தூரம் ஓடினாப் பிறகு வந்து இறுக்கச் சொல்லி விடுங்கோ. வீல் எலைன்மென்ட், அதாவது சில்லுகளின்ர கோணத்தச் சரி பண்ணிறது பற்றி நான் விளக்கத் தேவையில்ல, அது இல்லாம வெளிய விடவே கூடாது.

டயர் கடைக்கார அண்ணாமாருக்கு. 265/65 ஆர் 17 அளவு டயரக் கழட்டிட்டு அதவிடப் பெரிய 285/70 ஆர் 17 போடேக்க டயரின்ர விட்டம் 776 மில்லிமீட்டர்ல இருந்து 831 ஆகுது, 7 வீதம் கூட. அதிவேகப் பாதையில மீட்டர் 100 காட்டேக்க முந்தினதோட பார்த்தா 7 கிலோமீட்டர் கூட ஓடுறான், கம்பனி மீட்டர கொஞ்சம் கூட்டிக் காட்ட வச்சிருக்கிற இடைவெளியும் அதில போயிடும். 5000த்துக்கு ஒருக்கா ஒயில் மாத்திறவன் உண்மையில 5350 ஓடியிருப்பான். பிரேக்குக்கும் அதே 7 வீதம் கூட வேலை. இத ஒரு வசனத்தில சொல்லி விட்டா வாங்கிறவன் ஓடிப் போக மாட்டான், உங்கள நம்புவான். ஸ்பெயார் டயரையும் கேளுங்கோ, நாலு பெருசும் ஒரு சின்னதுமா அனுப்பாதீங்கோ.

இன்னொண்டு, வெள்ளத்துக்கெண்டு தூக்க வாறவையிட்ட உண்மையச் சொல்லுங்கோ. சஸ்பென்ஷன் தூக்கினா பொடியும் எஞ்சினுக்குக் காத்து இழுக்கிற வாயும் தான் உயரும், பின் டிஃப் (பின் அக்சலின்ர நடுவில இருக்கிற கியர்ப் பெட்டி) இருந்த இடத்தில தான் இருக்கும், அத உயர்த்திறது டயர் மட்டும், அதுவும் மேல சொன்ன அளவில 27 மில்லிமீட்டர் தான். டிஃப் காத்து விடுற குழாய, அந்தப் பிரீதர் ஹோஸ, மேல கொண்டு போகாட்டி தண்ணி உள்ளுக்க போய் ஒயில் பால் நிறமாகிடும்.

கெப் தூக்கிறதில ஊறின நாடு அவுஸ்திரேலியா. அங்கயே நியூ சவுத் வேல்ஸ் மாதிரி இடங்களில பொறியியலாளர் சான்றிதழ் இல்லாமச் செய்யக்கூடியது சஸ்பென்ஷனால 50, டயரால 25, மொத்தம் 75 மில்லிமீட்டர் தான். இங்க யாரும் வந்து சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டு இருக்காம நீங்களே அந்த அளவ கராஜ் சுவரில எழுதிப் போடலாம் தானே.

காசு கூடப் போகும் எண்டா கூடக் கேளுங்கோ, தருவம். லட்சக்கணக்கில குடுத்து லிஃப்ட் கிட்டும் (தூக்கிற சாமான் செட்) டயரும் வாங்கிறவன் ஒரு பிரக்கட்டுக்கும் எலைன்மென்டுக்கும் பேரம் பேசினா, அந்த வேலைய எடுக்காதீங்கோ. பில்லில உயரம், டயர் அளவு, வால்வ், லைட், எலைன்மென்ட் இவ்வளவும் சிங்களத்திலயும் தமிழிலயும் எழுதிக் குடுங்கோ, கழட்டின ஒறிஜினல் ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் தட்டில போட்டு விடுங்கோ, நாளைக்கு யாராவது திரும்ப இறக்க விரும்பினா அது தேவைப்படும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து ஒரு கெப்காரன்