பேரி மரத்துக்கு நம்மூர்க் குளிர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரி மரத்தை வீட்டிலேயே வளர்க்கலாம், இடமில்லாதவர்கள் மாடித் தொட்டியிலும் வைக்கலாம் என்று உங்கள் தோட்டப் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். குழி, தொழு உரம், கவாத்து பற்றி எழுதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊரில் வளர்க்கலாம் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லிப் பிரயோசனமில்லை.

நான் ஆசிரியையாகப் பெரும்பகுதி காலம் கோத்தகிரியில் இருந்தவள். குடியிருந்த வீட்டுப் பின்புறத்தில் பேரி மரங்கள் நின்றன. ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான வீரவநல்லூருக்கே வந்துவிட்டேன். எங்கள் வளவில் ஒரு மதினி, வண்டியில் கன்று விற்க வந்தவரிடம் படம் ஒட்டிய பேரிக் கன்று வாங்கிப் புறவாசலில் வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் காய்க்கும் என்று சொல்லி விற்றாராம். கன்று சாகவில்லை, இலை விடுகிறது, உயரவும் செய்கிறது. பூ மட்டும் வரவில்லை. "உரம் பத்தலையோ டீச்சர்?" என்று ஒவ்வொரு தையிலும் கேட்கிறார்கள். உரம் போடப் போட இன்னும் இலைதான் வரும்.

பேரி இலையுதிர்க்கும் மரம். குளிர்காலத்தில் மொட்டையாக நின்று உறங்க வேண்டும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே குளிர் நின்ற நேரத்தை மரம் தனக்குள் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு நிரம்பினால்தான் பூமொட்டு ஒழுங்காக விழிக்கும். வில்லியம்ஸ் போல வாயில் கரைகிற ஐரோப்பிய ரகங்களுக்குப் பொதுவாக 600 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். ஆசியப் பேரியின் கலப்புள்ள கீஃபர் குறைந்த குளிரிலும் காய்க்கும் என்பார்கள். அந்தக் குறைந்த குளிர்கூட சில நூறு மணி நேரம். பாளையங்கோட்டையில் மார்கழி அதிகாலையிலேயே 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதிசயம். திருப்பாவைக்குப் போர்வை போர்த்திக்கொண்டு போகிறோம், சரி. ஆனால் அது நமக்குக் குளிர், பேரிக்குக் குளிர் இல்லை.

ஆக நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வீடும் கொஞ்சம் மண்ணும் இருப்பவர்கள் மட்டும் மேற்கொண்டு படிக்கட்டும். நெல்லைக்காரர்களில் அப்படி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் நிறையப் பேர் உண்டு.

விதை போட்டால் காய்க்கப் பல வருடங்கள் ஆகும், தாய்மரத்தின் குணமும் வராது. நாட்டுப் பேரி வேரில் ஒட்டுக் கட்டிய கன்றே வாங்குங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். ஒரே ரகத்தில் ஒற்றை மரம் நின்றால் காய்ப்பு மோசம். அதே சமயத்தில் பூக்கிற வேறு ரகம் ஒன்று பக்கத்து வீட்டிலாவது இருக்க வேண்டும். பேரிப் பூவின் தேனில் சர்க்கரை குறைவு. அருகில் வேறு நல்ல பூ இருந்தால் தேனீ அங்கேதான் போகும்.

பேரிக் கிளைக்கு நேரே வானத்தைப் பார்த்து ஏறத்தான் பிடிக்கும். இளங்கிளைகளைக் கயிறு கட்டிச் சாய்த்துவிட்டால்தான் பூக்கும் புத்தி வரும். முடிச்சு முடிச்சாக நிற்கும் குட்டைக் கிளைகளில் வருடா வருடம் பூ வரும். கவாத்துக்கு வந்தவர் சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை வழித்துவிட்டால் அந்த வருட மகசூல் போச்சு. வெட்டுகிற இடத்தில் நீங்களே நின்றுகொள்ளுங்கள். கொத்துக்கு ஒன்றிரண்டு பிஞ்சு விட்டு மீதியைக் கிள்ளிவிட்டால் காய் பெரிதாக வரும்.

உங்கள் கட்டுரையில் நான் ஒத்துக்கொள்ளவே முடியாத வரி ஒன்று உண்டு. மரத்திலேயே கனியவிட்டுப் பறித்தால் ருசி அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள். மாம்பழத்துக்கு யாராவது அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். வாயில் கரைகிற ஐரோப்பியப் பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கிறது. தோல் மஞ்சளாகும்போது நடு விதைப்பக்கம் பழுப்பேறிக் கூழாகியிருக்கும். சதையில் மணல் கடிப்பது போன்ற நறநறப்பும் கூடும். ஆகவே வாழைத்தாரைப் போல, முற்றிய காயாகவே இறக்கி வீட்டில் பழுக்கவைக்க வேண்டும். முற்றியதா என்று பார்க்கக் காயைக் கையில் ஏந்திப் படுக்கைவாட்டில் மெல்ல உயர்த்துங்கள். காம்போடு கழன்று வந்தால் பறிக்கலாம். அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். ஒன்றை வெட்டிப் பார்த்தால் விதை பழுப்பு நிறமாகியிருக்கும். கோத்தகிரியில் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. பேரி முற்றும் மாதங்களில் ராத்திரி கரடி வரும். கிளையோடு முறித்துத் தின்றுவிட்டுப் போகும்.

இறக்கிய காயைச் சில நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அப்புறம் வெளியே எடுத்து வையுங்கள். அவசரமென்றால் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதப் பையில் போடலாம். பழம் முழுதும் அமுக்கிப் பார்க்க வேண்டாம். காம்பை ஒட்டிய கழுத்தில் பெருவிரல் லேசாக அழுந்தினால் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

மரம் வைக்க முடியாத நமக்கும் இது உதவும். குற்றால சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான் பக்கத்தில் குவித்திருக்கும் மலைப் பேரி பெரும்பாலும் கடித்துத் தின்கிற கெட்டிக் காய். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. டவுன் கடைகளில் வலையுறை போட்டு விற்கிற வெளிநாட்டுப் பேரியைத்தான் பலரும் வாங்கிய அன்றே அறுத்துவிட்டு, ருசியே இல்லை என்கிறார்கள். நாலு நாள் பொறுத்தால் அது வேறு பழம்.

மதினியிடம் பேரியை எடுத்துவிட்டுக் கொய்யா வைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை. கன்று விற்கிறவர்கள் ஊரைப் பார்த்து விற்கப்போவதில்லை. நீங்களாவது தோட்டப் பக்கத்தில் மரத்தின் பெயருக்குக் கீழே, சமவெளிக்கா மலைக்கா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வீரவநல்லூர்.